வானம் கிளியர் என்றார் அப்பா

காலை ரேடியோ அழைப்பில் கடைசி ஊரைக் கூப்பிட்டு, பதில் வாங்கி, நன்றி சொல்லி முடித்த என் வாய், நிற்காமல் இன்னொரு பெயரையும் கூப்பிட்டுவிட்டது.

"ஆரணி... ஆரணி... வானம் எப்படி?"

பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. பக்கத்து நாற்காலியில் சரக்கு எடைகளைக் கூட்டிக்கொண்டிருந்த நவோமி நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மலைக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெரியவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"ஆரணியா? அது எந்தப் பள்ளத்தாக்கு?"

நவோமி மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது மூக்கு ஒழுகியது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

யோசனை வந்தது அந்த நொடியில்தான். இத்தனை மலையூர்களைத் தினமும் கூப்பிட்டு விசாரிக்கிறவள், சொந்த வீட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "சாப்ட்டியா, சாப்ட்டேன்" என்று வைத்துவிடுகிறாளே! ஆரணியையும் காலைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன? மலையூர்களைக் கேட்பதைப் போலவே, தினமும், வானம் எப்படி என்று?

நான் ஓட்டுவதில்லை

இந்தத் தொடரை இன்றுதான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விமானம் ஓட்டுவதில்லை. பப்புவா நியூ கினியில், சாலையே போகாத மலையூர்களுக்குச் சின்ன விமானங்களில் நோயாளிகளையும் ஆசிரியர்களையும் வேதப்புத்தகங்களையும் உப்பு மூட்டைகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு மிஷனரி விமான ஊழியம். அதன் ரேடியோ அறையில் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்ததும் ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டு, மேகம் எங்கே நிற்கிறது, ஓடுபாதைப் புல் ஈரமா, பன்றி மேய்கிறதா என்று கேட்க வேண்டும். விமானம் கிளம்பினால், அது இறங்கும்வரை அதன் குரலுக்குக் காதைக் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆரணியில் இதை யாரும் நம்புவதில்லை. "எங்க ஷீபா ஏரோபிளேன் ஓட்டுது" என்று அம்மா காய்கறிக்காரர்வரை சொல்லிவைத்திருக்கிறார். முதல் விடுமுறைக்கு வந்தபோது அவர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மேல போவசொல்லோ காது அடைக்குமாமே, வாயில இன்னா போட்டுக்குவ கண்ணு?"

"இஞ்சி மொரப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல!

எங்கள் வீட்டில் உண்மையாகவே ஓட்டுகிறவர் அப்பாதான். ஆரணியிலிருந்து செய்யார் தொழிற்பேட்டைக்கு, ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ். இருட்டோடு கிளம்பி, ஷிப்டுக்கு இறக்கிவிட்டு, அங்கேயே டீ குடித்துவிட்டு, முந்தின ஷிப்டை ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

நான் ஊழியத்துக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, போதகர் என் தலையில் கைவைத்து ஜெபித்து முடித்ததும் அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். "என் ஒரே பொண்ண கர்த்தருடைய வேலைக்கு ஒப்புக்குடுத்துட்டேன். குடுத்தத திருப்பிக் கேக்க மாட்டேன். ஸ்தோத்திரம்" என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

மேகம் தெரியாதவர்

எங்கள் மலையூர்களில் ஒன்றில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருக்கிறார். காலையில் ரேடியோவில் பேசுவது அவர்தான். அப்படி ஒரு நேர்மை. ஓடுபாதையில் பன்றி நின்றால் அது யாருடைய பன்றி என்பதுவரை சொல்லுவார்.

ஒருநாள் "கிளியர்" என்றார். விமானம் போனது. பள்ளத்தாக்கின் வாயை மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. விமானி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். விமானத்தில், நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிற அந்த ஆசிரியரின் மனைவி இருந்தார்.

மறுநாள் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குக் கிளியராத்தான் தெரிஞ்சுது, சிஸ்டர். இப்பவும் நெனச்சுப் பாத்தா கிளியராத்தான் இருக்கு" என்றார்.

அன்று முதல் எங்கள் அறையில் ஒரு வழக்கம். "கிளியர்" என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொள்ள மாட்டோம். என்ன தெரிகிறது, அதைச் சொல்லுங்கள் என்போம். ஆலயக் கூரை தெரிகிறதா? எதிர்மலை அருவி தெரிகிறதா? விமானத்துக்காக ரொம்ப ஆசைப்படுகிற ஊர்களிடம் இன்னும் கூடுதலாகக் கேட்போம்.

டீக்கடை போர்டு

ஆரணிக்குக் கூப்பிட ஆரம்பித்த முதல் சில நாள் அம்மா பயந்தே போனார். போனை எடுத்ததும், "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்பார்.

"ஒன்னும் ஆகலம்மா. வானம் எப்படி?"

"வானமா? அதுக்கா பாரின்லேர்ந்து போன் பண்ண?"

ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அதற்கு மேலேயே போய்விட்டார். "தெக்கால கருப்பா கீது. வடாம் போடட்டுமா, வேணாமா?" என்று கடல் தாண்டி என்னிடம் யோசனை கேட்பார். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டு, "போடுங்க" என்று அனுமதி கொடுப்பேன். இரண்டு தடவை வடாம் நனைந்தது.

அடுத்து அப்பாவைக் கூப்பிடுவேன். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். அவருக்குச் செய்யாரில் டீ நேரம். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கிளியர்." ஐப்பசி, கார்த்திகை, புயல் செய்தி, எல்லாவற்றிலும் கிளியர்.

ஒருநாள் வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "அப்பா, சும்மா கிளியர்னா ஒத்துக்க மாட்டோம். என்ன தெரியுது, அத சொல்லுங்க."

"இன்னா தெரியணும்? எதிர்ல டீக்கடை போர்டு தெரியுது. மஞ்ச போர்டு. செவப்பு எழுத்து."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. என் அத்தை மகள் ஜெபா. அந்த ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறாள், அப்பாவின் பஸ்ஸில்தான் போகிறாள். "ஐயோ மாமா, அந்தக் கடைய இடிச்சி எத்தினி நாளாச்சி! நீங்க குடிக்கறது சைக்கிள்காரன் டீ!"

"சும்மா இரு. கொழந்தகிட்ட தமாஷ் பண்ணிகினு கீறேன்" என்றார் அப்பா.

நானும் சிரித்துவிட்டு வைத்தேன். அன்று பிற்பகல் ஒரு விமானத்தின் குரலுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தச் சிரிப்பு எனக்குள் நின்றுபோனது. தமாஷ் பண்ணுகிறவர் ஏன் அதற்குமுன் அரை நொடி தயங்கினார்?

மறுநாள் அம்மாவிடம், "அப்பாவுக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். வடாமைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிற அம்மா, "அடுப்புல பாலு வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

விடுப்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முன் சீட்டு

வந்த மறுநாளே, அப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் பஸ்ஸில் ஏறினேன். மார்கழிப் பனி. எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். முதல் நிறுத்தத்தில் ஜெபா ஏறினாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்த கையாலேயே எழுப்பினாள்.

"எழுந்திரு. அது என் சீட்டு."

"எங்க அப்பா பக்கத்துல நான் உக்காரக் கூடாதாடி?"

"இன்னிக்கி என் டூட்டி. நீ பின்னாடி போ, ஜல்தி."

ஜன்னலோரச் சண்டை என்றுதான் நினைத்தேன். ஒரு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. ஜெபா பேச ஆரம்பித்தாள்.

"மாமா, அந்தத் தெருவுல பாவு நீட்டிகினு கீறாங்க. அடுத்த தெரு."

அப்பா அடுத்த தெருவில் திருப்பினார். கடக்கும்போது நான் பார்த்தேன். தெரு நெடுகப் பட்டு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

"பிரேக்கர் வருது மாமா... வந்துச்சி."

"கரும்பு டிராக்டரு. லெப்ட்ல. லைட்டு இல்ல."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் அப்பா. பார்க்கவில்லை. அவள் சொல்லி முடித்த பிறகுதான் கால் பிரேக்குக்குப் போனது.

"மாமா, மாடு! ரெண்டு. நில்லுங்க... போயிடுச்சி. போலாம்."

பின்னால் பெண்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள், போன் பார்த்தார்கள், பூக் கட்டினார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. களம்பூர் மில்லுக்குப் போகிற நெல் லாரி ஒன்று எதிரே வந்தபோது ஜெபா, "டிம் பண்ணுங்க, ஓரம், ஓரம்... ஆங்" என்றாள். எங்கள் ரேடியோ அறையில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் பேசுவதில்லை. என் கை முன் சீட்டின் கம்பியை விடவே இல்லை.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு ஜெபாவை ஓரமாக இழுத்தேன்.

"எத்தினி நாளா இது?"

"மழக்காலத்துலேர்ந்து. ஒரு நாளைக்கி ஒருத்தர் டூட்டி."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா? மாமாவ நிறுத்திடுவாங்க. புதுசா வரவன் எங்களுக்கு நிப்பானா? பிரேமா அக்கா கொழந்தைக்கி பால் குடுத்துட்டு ஓடிவரும். அது வர்ற வரைக்கும் மாமா, 'வண்டி சூடாவட்டும்'னு இஞ்சின உறும வுட்டுகினே நிப்பாரு. அந்த மனுசன வுட்டுட சொல்றியா?"

"அதுக்காக இப்படியா? ஒரு நாள் உனக்குத் தும்மல் வந்தா?"

கம்பெனிக்குள் சங்கு ஊதியது. போகிற போக்கில் திரும்பி, "அதோ அந்தப் புளியமரம் இருக்குல்ல," என்றாள், "நீ கூப்புடற நேரத்துக்கு முன்னாடியே அங்க போய் நின்னுடுவாரு. அங்கதான் சிக்னலு நல்லா வருமாம். மழையிலயும் நிப்பாரு. நின்னுகினு உனக்கு கிளியர்னு சொல்லுவாரு."

திரும்பும் வழியில் முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன். வழியெல்லாம் நானே சொல்லிக்கொண்டு வந்தேன்: பிரேக்கர், மாடு, சைக்கிள். நான் சொன்ன இடத்திலெல்லாம் அப்பா பிரேக்கை மிதித்தார்.

அம்பது பேரு

வீட்டுக்கு வந்து இட்லிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏம்பா சொல்லல?"

"கண்ணுல பொரையாம். கஞ்சித் தண்ணிக்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி கீதாம்" என்றார் அம்மா. "நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். மொறைச்சாரு."

"சொன்னா நீ வந்துடுவ" என்றார் அப்பா.

"வந்தா என்ன?"

"வந்தா திரும்பிப் போவ மாட்ட. உனக்கு என் புத்தி. சபைக்கு முன்னால நின்னு குடுத்துட்டேன்னு சொன்னவன், கண்ணு தெரியலன்னதும் திருப்பி வாங்கிக்கினான்னு இருக்கணுமா? கேக்க மாட்டேன்னு சொன்னா கேக்கக் கூடாது."

மலையூர் ஆசிரியர் கிளியர் என்றது விமானம் வர வேண்டும் என்று. அப்பா கிளியர் என்றது நான் வரக் கூடாது என்று. அந்த ஆசிரியரிடம் காட்டமாகப் பேசியவளுக்கு, இவரிடம் எந்தக் குரலில் பேசுவதென்று தெரியவில்லை.

"எங்க பைலட்டுக்குக் கண்ணு இப்படி இருந்தா அவரே சாவியக் குடுத்துடுவாருப்பா" என்றேன்.

"நான் இன்னா ஏரோபிளேனா ஓட்டறேன்?"

"எங்க பிளேன்ல ஆறு பேரு. உங்க பஸ்ஸுல அம்பது பேரு."

அம்மா சாம்பார் கரண்டியோடு நின்றார். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து கை கழுவினார். போனை என்னிடம் நீட்டி, கம்பெனி நம்பரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். போனில் அவருக்கு எழுத்துகள் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சார், ஜுரம் சார். வேற ஆள போடுங்க" என்றார்.

கண் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் புது டிரைவர் போனார். ஜெபா மதிய இடைவேளையில் கூப்பிட்டாள். "பிரேமா அக்காவ வுட்டுட்டு வந்துட்டான். இன்னா, சந்தோஷமா? நீ நாலு நாள் இருந்துட்டு பறந்துடுவ."

 

காலையில் விழிக்கும் காது

வேலூருக்குப் போய்க் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடித்து, ஆறிய பிறகு இன்னொன்று. அதன் பிறகு பெரிய வண்டி ஓட்டலாமா என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தப் பதிலை அப்பா டாக்டரிடம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மூன்றுக்கும் அதே பதில்.

ஊழியத்திலிருந்து, அவசரப்பட வேண்டாம், இருந்து பார்த்துவிட்டு வா என்று எழுதியிருக்கிறார்கள். நல்லவர்கள். அப்படி எழுதாமல் உடனே வா என்று எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆரணியில் விடிகிறபோது அங்கே மூட்டைகள் ஏறி, முதல் விமானம் எப்போதோ போயிருக்கும். இங்கே படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, பவர்லூம் சத்தத்துக்குள் யாராவது என்னைக் கூப்பிடுகிறார்களா என்று காது தேடுகிறது. அங்கே இருந்தபோது இதே காது, மழை இரைச்சலுக்குள் இந்தப் பவர்லூமைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கென்று ஒரே ஊர் இருக்கிற காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிக்கு அப்பா சொன்ன ஜுரம் இன்னும் இறங்கவில்லை.

எழுந்து சொல்வது

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன், "ஸ்தோத்திரம் சொல்றவங்க, விண்ணப்பம் உள்ளவங்க எழுந்து சொல்லலாம்" என்பார் போதகர். அப்பா தவறாமல் எழுவார், எப்போதும் ஸ்தோத்திரத்துக்கு. மழை பெய்ததற்கு, அம்மாவின் கால்வலி குறைந்ததற்கு, நான் பத்திரமாக இறங்கியதற்கு. விண்ணப்பம் என்று அவர் எழுந்ததே இல்லை.

காரணம் இருக்கிறது. அங்கே எழுந்து சொன்னது சுவருக்குள் நிற்காது. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டு வரன் தட்டிப்போனது, எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் கொசப்பாளையம்வரை போய்விடும். போதாததற்கு அப்பாவின் கம்பெனி சூப்பர்வைசர் குடும்பத்தோடு வந்து மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார். பெண்கள் பக்கத்தில் ஜெபாவும், டூட்டி பார்த்த இன்னும் சில பெண்களும்.

"சபையில உங்க கண்ணுக்காக நான் எழுந்து சொல்றேன்பா" என்றேன்.

"நீ எழுந்துக்காத. என் கண்ணு. நானே சொல்றேன்."

"சொல்லலன்னா?"

"சொல்றேன்னேன்ல!"

இதை எழுதுகிற சனிக்கிழமை மதியம், கூடத்தில் அதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. அம்மா நாளைக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுகிறார். அப்பா சுவரோரம் எழுந்து நிற்கிறார்.

"ஸ்தோத்திரம். எங்க பொண்ணு பத்திரமா வந்து சேந்ததுக்காக..."

"அது இல்ல" என்றார் அம்மா. "விண்ணப்பம்."

"ஆங். பஸ்ஸுல வர்ற பொண்ணுங்களுக்காக ஜெபிச்சிக்கோங்க. புதுசா வந்திருக்கிற டிரைவரு நின்னு ஏத்திகினு போவணும்..."

"மொதல்ல கண்ணு. அப்பறம் பொண்ணுங்க."

"இரு, பேஜார் பண்ணாத. தானா வரணும் அது." தொண்டையைச் செருமினார். என் பக்கம் திரும்பினார். என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "சூப்பர்வைசரு நாளைக்கி வருவாரா?"

"வருவாரு" என்றேன்.

"கேட்டுட்டு மொறைச்சா இன்னா பண்றது?" என்றார் அம்மா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"மொறைக்கட்டும். எனக்கு எங்க தெரியப் போவுது? அதுக்கும் சேத்து ஒரு ஸ்தோத்திரம்."

தன் கண்ணைப் பற்றி அவர் தானாக வாய்விட்டுச் சொன்ன முதல் உண்மை அது. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

அப்பா சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து நின்றார்.